வெள்ளை மேல் வெள்ளையில் எழுதிய வேதமணி சார்

பெருங்கடவிளை வட்டாரத்தில் வேதமணி சாரின் கைபடாமல் ஒரு நோட்டீஸ் அச்சுக்குப் போனதில்லை. கோயில் திருவிழாவோ, சபை கன்வென்ஷனோ, வாசகசாலை ஆண்டு விழாவோ, வாலிபால் போட்டியோ, எதுவானாலும் கமிட்டிக்காரர்கள் முதலில் சாரின் வீட்டுப் படியேறுவார்கள். மைக்குக்கும் நாற்காலிக்கும் ஏற்பாடு செய்வது அதற்குப் பிறகுதான்.

நோட்டீஸ் எழுதுவது லேசான காரியமில்லை. தலைமை யார், விளக்கேற்றுவது யார், ஆசியுரை யார், ஆசியுரையில் இடம் கிடைக்காத பெரிய மனிதரை வாழ்த்துரையில் எப்படி இறக்கி வைப்பது, வாழ்த்துரைக்கும் ஆகாத ஆளை 'முன்னிலை' என்று எந்த மூலையில் உட்கார வைப்பது, இதெல்லாம் சாருக்கு விரல் நுனியில். ஒரு தடவை சார் ஊரில் இல்லாதபோது வேறு யாரோ எழுதிய வாலிபால் நோட்டீஸில் பஞ்சாயத்து மெம்பரின் பெயர் ரப்பர் ஷீட் வியாபாரியின் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. மெம்பர் பந்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்றை மட்டும் சார் எழுதமாட்டார். கூட்டம் எங்கே நடக்கிறது என்பதை. 'நமது திடலில்' என்று முடித்துவிடுவார். நமக்குத் தெரியாத நமது திடல் உண்டா? இடத்தை விலாவாரியாக அச்சடித்தால் ஊர்க்காரனுக்குக் கோபம் வரும், "நாங்க என்ன வேற ஊருகாரனா?" என்று கேட்பான். இத்தனை வருஷத்தில் எந்தக் கூட்டத்துக்கும் யாரும் வழி தவறிப் போனதில்லை. அதற்குக் காரணம் தன்னுடைய எழுத்துத்தான் என்று சார் உண்மையாகவே நம்பினார்.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் ஒரு பாரலல் காலேஜில் ஆங்கிலம் எடுத்தார். அசல் காலேஜில் இடம் கிடைக்காத பிள்ளைகள் சேருகிற இடம் அது. ஒரு சிமெண்ட் கடையின் மாடியில் இருந்தது. கீழே லாரி வந்தால் மேலே கவிதை நிற்கும். எம்.ஏ. படித்த மனிதருக்கு அங்கே சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. கணக்கு எடுக்கிறவர் எழுந்தால்தான் இவர் உட்காரலாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது வேறொன்று. அவருடைய மனைவி லீலாபாய் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் டைப்பிஸ்ட். தினமும் காலையில் பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுவாள். அதனால் ஊரில் சாரைக் குறிப்பிடும்போது 'டைப்பிஸ்டுக்க மாப்பிள' என்றுதான் சொன்னார்கள். வாசலில் தன் பெயரெழுதிய பலகை தொங்குகிற ஒரு அறை வேண்டும், அதில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து யாரையாவது காத்திருக்க வைக்க வேண்டும். வேதமணி சாரின் வாழ்க்கை லட்சியம் இவ்வளவுதான்.

அந்தப் பலகையைக் காட்டித்தான் சதாசிவன் ஆசான் அவரைப் பிடித்தார்.

சதாசிவன் ஆசான் குளத்தூரில் வர்ம வைத்தியம் பார்ப்பவர். அப்பா காலத்தில் தென்னையிலிருந்து விழுந்தவர்களும் சண்டையில் அடிபட்டவர்களும் வந்தார்கள். இப்போது யாரும் அவ்வளவாக விழுவதில்லை, சண்டையும் கோர்ட்டுக்குப் போய்விட்டது. எண்ணெய்ப் பாத்திரங்கள் காய்ந்து கிடந்தன. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஓணத்துக்கு முன்னால் ஒரு நாள் ஆசான் சாரைக் கூப்பிட்டு விட்டார்.

"சாரே, கோவளத்துல கெடக்க வெள்ளக்காரன் பூரா வெயில்ல கெடந்து முதுகு பொள்ளி நடக்கியான். அந்த முதுகு நமக்கு உள்ளதாக்கும். ஆனா அவனுக்கு நம்மள அறியாது. இன்டர்நெட்டுல போட்டா அறியுமாம். நெய்யாற்றின்கரையில ஒரு பல் டாக்டரு போட்டிருக்கான். பல்லுக்கே உண்டுன்னா முதுகுக்கு வேண்டாமா?"

"வேணும் ஆசானே. ஆனா எழுத்து நல்லா இருக்கணும்."

"அதுக்குத்தான் நீரு. ஓணத்துக்குள்ள ஒரே ஒரு வெள்ளக்காரன் இன்டர்நெட்டு வழி வரட்டும். முன்னறை உமக்கு. பி.ஆர்.ஓ.ன்னு போட்டு பலகை வச்சு, ஃபேனும் மாட்டித் தாறேன்."

பி.ஆர்.ஓ. என்றால் என்ன வேலை என்று ஆசானும் சொல்லவில்லை, சாரும் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே பாறசாலையில் சைன்போர்டு எழுதுகிற பொன்னையனிடம் சொல்லி ஒரு பலகைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். 'வேதமணி எம்.ஏ., பி.ஆர்.ஓ.' நீலத்தில் வெள்ளை எழுத்து. பெயருக்கு நிழல் வைக்கச் சொன்னார்.

நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. ஜினி என்ற பெண் திருவனந்தபுரத்தில் படித்துவிட்டு வந்து நடத்தினாள். டெலிஃபோன் ஒயரில் இன்டர்நெட் கொர்ரென்று இழுத்துக்கொண்டு வரும். மழை பெய்தால் வராது. சார் அவள் முன்னால் ஒரு கட்டுத் தாளை வைத்தார்.

ஜினி முதல் தாளை வாசித்தாள். ஆங்கிலம். அகத்தியரில் தொடங்கி, ஆசானின் முப்பாட்டனார் வழியாக இறங்கி, 'புகழ் மணக்கும்', 'உலகம் போற்றும்', 'ஈடு இணையற்ற' என்று மூன்றாம் தாள் வரை போயும் ஆசான் பிறக்கவில்லை. நான்காம் தாளில் பிறந்தார்.

"சாரே, இது ஆரு வாசிக்கதுக்கு?"

"உலகம் வாசிக்கதுக்கு."

"உலகத்துக்கு முதுகு வலிக்கி. அதுக்கு என்ன செய்வீங்க, எங்க இருக்கீங்க, ஃபோன் நம்பர் என்ன, இதுதான் அது பாக்கும். வலிச்சவன் என்னன்னு தேடுவான்? 'கழுத்து வலி, கேரளா'ன்னு அடிப்பான். அந்த வார்த்தை நம்ம இன்டர்நெட் பக்கத்துல இருந்தா தேடுற எஞ்சின் கொண்டு காட்டும். ஆளுக்கும் அது போதும், எஞ்சினுக்கும் அது போதும்."

சாருக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கழுத்துவலி என்று மொட்டையாக எழுதுவதற்கு எம்.ஏ. எதற்கு? ஆனால் எஞ்சின் என்ற சங்கதி மட்டும் உள்ளே போய்த் தைத்தது.

"அந்த எஞ்சின் வார்த்தைய எண்ணுமா?"

"எண்ணும். எத்தற தடவ வருதுன்னு பாக்கும்." ஜினி சிரித்துக்கொண்டே சொன்னாள், "சிலபேரு கள்ளத்தனம் காட்டுவாங்க சாரே. வெள்ளப் பக்கத்துல வெள்ள எழுத்துல வேண்டியதும் வேண்டாததும் எழுதி வைப்பாங்க. ஆளு கண்ணுக்குத் தெரியாது, எஞ்சின் வாசிச்சுக்கிடும்."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள். வார்த்தை கூடினால் சார் அங்கே உட்காரும் நேரமும் கூடும், அதில் ஜினிக்கு நஷ்டம் எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேதமணி சாரின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எஞ்சினும் ஒரு பஞ்சாயத்து மெம்பர்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதற்கு வேண்டிய பெயர்களை வேண்டிய தடவை போட்டால் மனம் குளிர்ந்து முன்வரிசையில் உட்கார வைக்கும். வாசிக்கிறவனுக்கு இலக்கியம், எஞ்சினுக்கு எண்ணிக்கை. ஒரே தாளில் இரண்டு நோட்டீஸ்.

அன்று முதல் வீட்டில் அதே பேச்சு. வெள்ளைக்காரன் எதைத் தேடுவான்? கோவளம். அதனால் கோவளம், கோவளம், கோவளம் என்று பத்தி பத்தியாகக் கோவளம். பிறகு கடல், யானை, படகு. அந்த வருஷம் உலகக் கோப்பை நடந்ததால் கிரிக்கெட். இலவசம் என்ற சொல்லை எல்லா நாட்டுக்காரனும் தேடுவான் என்பதால் இலவசம். ஹிந்தி சினிமா அழகிகள் நான்கு பேர். அவர்களின் பெயரை எழுதும்போது மட்டும் லீலாபாய் சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டார்.

வைத்தியசாலைக்குப் பெயரும் மாற்றினார். 'சதாசிவன் ஆசானுக்க வீடு' என்றுதான் அதை எல்லோரும் சொன்னார்கள். அது வெறும் வீடு. வர்மத்தை 'மர்மா' ஆக்கி, 'அகஸ்தியா இன்டர்நேஷனல் மர்மா ரிசர்ச் ஃபவுண்டேஷன்' என்று வைத்தார். ஆசான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், மூன்றாம் தடவை மூச்சு வாங்கினார், "கொள்ளாம்" என்று திருப்தியாகத் தலையாட்டினார்.

லீலாபாய் ஒரு நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து தாள்களைப் புரட்டினாள்.

"எல்லாம் சரி. வழி எங்க?"

"என்ன வழி?"

"வாறதுக்கு உள்ள வழி. பாறசாலை ஸ்டேஷன்ல எறங்கி, குளத்தூர் பஸ்ஸு ஏறி, சர்ச்சுக்கு எதிர்ல எறங்கி, வலத்தோட்டு நடந்தா மூணாமத்த வீடு. இத எழுதாம பின்ன என்னத்த எழுதினீங்க? எங்க கோர்ட்டுல சம்மன் கூட அட்ரஸ் இல்லாம போவாது."

"சம்மனுக்கு வழி எழுதலாம் லீலே. இது இலக்கியமாக்கும். 'வலத்தோட்டு மூணாமத்த வீடு'ன்னா இலக்கியம் கெட்டுப்போவும்."

"அப்ப வாறவன் இலக்கியம் வழியா நடந்து வரட்டும்."

அவள் விடுகிற ஆள் இல்லை. சோறு போடும்போதும் கேட்டாள், பஸ்ஸுக்கு ஓடும்போதும் கேட்டாள். கடைசியில் சார் அவள் சொன்ன வழியை அப்படியே ஆங்கிலத்தில் எழுதிப் பக்கத்தில் சேர்த்தார். வெள்ளை எழுத்தில். நான்காவது அழகிக்கும் உலகக் கோப்பைக்கும் நடுவில். "வச்சாச்சு" என்று அவளிடம் சொன்னார். அது பொய்யில்லை.

பக்கம் இன்டர்நெட்டில் ஏறிய அன்று ஆசானும் சொந்தபந்தங்களும் ஒரு ஜீப்பில் நெய்யாற்றின்கரைக்கு வந்தார்கள். கம்ப்யூட்டர் சென்டரில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். சார் எஞ்சினில் 'கோவளம் யானை கிரிக்கெட் இலவசம் மர்மா' என்று அடித்தார். கொர்ரென்று இழுத்து, ஒரு யுகம் கழித்து, பட்டியல் வந்தது. முதல் இடம். உலகத்திலேயே முதல் இடம். அந்த ஐந்து சொல்லையும் சேர்த்துத் தேடக்கூடிய மனிதன் வேதமணி சாரைத் தவிர இந்தப் பூமியில் பிறக்கவில்லை என்பதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. ஆசான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் ஜீப்பை நிறுத்தி எல்லோருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

இன்டர்நெட் வழியாகக் கடிதங்கள் வந்தன. யானை ஏறலாமா என்று ஒருவன் கேட்டிருந்தான். கிரிக்கெட் முடிவை ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருவன் கேட்டதை ஜினி சாருக்குக் காட்டாமல் அழித்தாள். ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. பொன்னையன் பலகையை முடித்துக் கொடுத்துவிட்டான். சார் அதை ஆசான் வீட்டு முன்னறைக்கே கொண்டுபோய், ஆணி மட்டும் அடிக்காமல், சுவரில் திருப்பிச் சாத்தி வைத்திருந்தார்.

அப்போதுதான் ஹன்னாவின் கடிதம் வந்தது. நெதர்லாந்துக்காரி. கோவளத்தில் தங்கியிருந்தாள். கழுத்து ஒரு பக்கமும் திரும்பாமல் விறைத்துப் போயிருக்கிறது, உங்கள் பக்கத்தைத் தாளில் எடுத்து வைத்திருக்கிறேன், வியாழக்கிழமை வருகிறேன், எங்கே இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாள்.

சார் அகத்தியரிலிருந்து தொடங்கிப் பதில் எழுதினார். இடம் பற்றிக் கடைசியில் ஒரு வரி: 'பாறசாலையில் ரயிலை விட்டு இறங்கி யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். சிறு குழந்தைகூட எங்கள் ஃபவுண்டேஷனைக் காட்டும்.'

வியாழக்கிழமைக்கு நோட்டீஸ் அடித்தார்கள். சார்தான் எழுதினார். வரவேற்பு விழா. தலைமை மெம்பர், விளக்கேற்றுவது ஆசான், வாழ்த்துரை ரப்பர் ஷீட் வியாபாரி பொன்னப்பன், வரவேற்புரை வேதமணி எம்.ஏ. ஆசானின் முற்றத்தில் பந்தல் போட்டு, குருத்தோலை கட்டி, செண்டைக்காரர்களையும் கூட்டி வந்தார்கள்.

காலையில் லீலாபாய் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டாள்: "ஸ்டேஷனுக்கு ஆரு போறா?"

"எதுக்கு?"

"அந்தப் பொம்பளைய கூட்டிட்டு வர."

"நான் ஸ்டேஷன்ல நின்னா இஞ்ச வரவேற்புரை ஆரு செய்யும்? உங்க ஜட்ஜா?"

வேறு யாராவது போகலாமே என்று கேட்கலாம். கேட்டும் பார்த்தார்கள். மெம்பர் தலைமை. பொன்னப்பன் வாழ்த்துரை. நோட்டீஸில் பெயருள்ளவன் பந்தலை விட்டு எழுந்தால் பக்கத்தில் நிற்பவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். நோட்டீஸில் பெயர் இல்லாதவன், "பேரு உள்ளவன் போவட்டும்" என்றான். ஆகையால் ஸ்டேஷனுக்கு யாரும் போகவில்லை.

காலை ரயிலின் நேரம் போனது. மதியமும் போனது. செண்டைக்காரர்கள் ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் ஒரு தடவை அடித்து ஓய்ந்து, கடைசியில் சோற்றுக்குப் போய்விட்டார்கள். விளக்குத் திரி எண்ணெயில் ஊறிக் கிடந்தது. சார் மைக்கைப் பிடித்தபடி, "இன்னும் சில நிமிடங்களில்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் நின்றார். வெயில் சாய்ந்தபோது ஒரு ஆட்டோ வந்து பந்தலோரம் நின்றது. பாறசாலை ஸ்டாண்டில் ஓட்டுகிற சிஜு தலையை நீட்டினான்.

"என்னவாக்கும் சாரே கூட்டம்? எலக்‌ஷன் வந்துட்டா?"

"எலே, வழிய அடச்சு நிக்காத. மதாம்மா வாற நேரம்."

"மதாம்மாவா! இன்னிக்கு எனக்கும் ஒரு மதாம்மா சவாரி கிட்டிச்சு. நல்லவொரு பொம்பள. கோவளத்துல கொண்டு விட்டுட்டு இப்பத்தான் வாறேன்."

மைக் நிறுத்தப்படவில்லை. சார் விழுங்கிய எச்சில் குளத்தூர் முழுக்கக் கேட்டது.

"கோவளத்துக்கா? எங்கேருந்து?"

"ஸ்டேஷன்லேருந்து. ரயில்ல எறங்கி வந்து என்னமோ ஃபவுண்டேஷன்னு கேட்டா. அப்பிடியொரு சாதனம் இஞ்ச இல்லல்லா? ஸ்டாண்டுல உள்ள எல்லாரும் கூடி ஆலோசிச்சோம். அப்ப கையில இருந்த கடலாசத் தந்தா." சிஜு சீட்டுக்கு அடியிலிருந்து மடித்த தாள்களை எடுத்தான். "விட்டுட்டுப் போயிட்டா. பாருங்க. எங்கன பாத்தாலும் கோவளம். கோவளம், கோவளம், கோவளம். இத்தற தடவ ஒருத்தி எழுதிக்கொண்டு வந்தா, பாவம், வழி தெரியாம வந்து எறங்கிட்டான்னு தானே அர்த்தம்?"

வெள்ளையில் எழுதியது திரையில் மட்டும்தான் ஒளிந்திருந்தது. அச்சு எந்திரம் ஒளிவு மறைவு இல்லாத எந்திரம். எல்லாவற்றையும் கறுப்பில் அடித்துக் கொடுத்திருந்தது. மெம்பர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். நான்கு அழகிகளிடம் கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

"அவ வேண்டாம்னு பறயலியா?" என்றார் சார்.

"என்னமோ பறஞ்சா. வண்டிச் சத்தத்துல கேக்கல்ல. வேண்டாம்னா தலைய ஆட்டணும்லா? தலைய ஒரு பக்கமும் ஆட்டல்ல. சம்மதம்னு நெனச்சோம்."

சார் கடைசித் தாளை வாங்கிப் பார்த்தார். அதில், நான்காவது அழகிக்கும் உலகக் கோப்பைக்கும் நடுவில், பாறசாலை ஸ்டேஷனில் இறங்கி, குளத்தூர் பஸ் ஏறி, சர்ச்சுக்கு எதிரில் இறங்கி, வலது பக்கம் மூன்றாவது வீடு என்று கறுப்பாகத் தெளிவாக எழுதியிருந்தது. அந்தத் தாளில் எண்ணெய்க்கறை வட்டமாகப் படிந்திருந்தது. ஹன்னா ஸ்டேஷனில் வாங்கிய பழம்பொரியை அதன் மேல் வைத்துத் தின்றிருக்கிறாள். அவளும் அதுவரை வாசித்து எட்டவில்லை.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லீலாபாய் கண்ணில் படக்கூடாது.

ஆசான் அன்று சாரிடம் பேசவில்லை. ஓணம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று சார் பாரலல் காலேஜில் கணக்கு வாத்தியார் எழுந்திருக்கக் காத்துக்கொண்டிருந்தபோது ஜினி சொல்லி அனுப்பினாள். ஹன்னாவிடமிருந்து கடிதம்.

சார் பயந்துகொண்டேதான் வாசித்தார். திட்டவில்லை. 'உங்களைப் பார்க்க முடியவில்லை, ஆனால் நன்றி. நீங்கள் அனுப்பிய ஓட்டுநர் என்னைக் கோவளத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த வழியில் ஒரு பெரிய குழியில் வண்டியை இறக்கினார். கழுத்தில் டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு இரண்டு பக்கமும் திரும்புகிறது. இது உங்கள் சிகிச்சை முறையா? அற்புதம்.'

சார் அந்தத் தாளோடு ஆசான் வீட்டுக்கு ஓடினார். பலகை இன்னும் முன்னறையில் சாத்தியபடியே இருந்தது.

ஆசான் கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் கேட்டார். பிறகு காய்ந்து கிடந்த எண்ணெய்ப் பாத்திரங்களைப் பார்த்தார்.

"வெள்ளக்காரி இன்டர்நெட்டு வழி வந்தாளா?"

"வந்தா ஆசானே."

"சொகமாச்சா?"

"ஆச்சு."

"அப்ப நான் பறஞ்ச வாக்கு வாக்காக்கும். பி.ஆர்.ஓ. போட்டே ஆகணும்." ஆசான் எழுந்தார். "ஆரு அவளக் கண்டது? ஆரு பேசினது? ஆரு கையால கழுத்து நேரே ஆச்சு? அந்த சிஜுவ வரச் சொல்லும் சாரே. அவனுக்குக் கைராசி உண்டு."

"ஆசானே, அவன் பத்தாங்கிளாஸ் தோத்தவன்."

"ஆட்டோ உண்டு அவனுக்கு. உமக்கு என்ன உண்டு?"

சாருக்கு எழுத்து உண்டு. அதை ஆசான் மறுக்கவில்லை. ஆகவே சிஜுவின் நியமன விழாவுக்கு நோட்டீஸ் எழுதுகிற பொறுப்பு அவருக்கே வந்தது. இன்டர்நெட் பக்கத்திலும் ஒரு பத்தி சேர்க்கச் சொன்னார் ஆசான், 'எங்கள் வளாகத்துக்குள் கால் வைக்காமலே குணமடைந்த ஹாலந்து நாட்டுப் பெண்மணி' என்று. அதை எழுதும்போது சாருக்குப் பழைய உற்சாகம் கொஞ்சம் திரும்பிவிட்டது. 'ஈடு இணையற்ற' என்று தானாகவே விழுந்தது.

"பக்கம் நீளம் கூடிப்போச்சு சாரே," என்றாள் ஜினி. "ஏதாவது ஒண்ண எடுக்கணும்."

சார் யோசித்தார். அகத்தியரை எடுக்க முடியாது. கோவளத்தை எடுத்தால் எஞ்சின் கோபித்துக்கொள்ளும். அழகிகளை எடுக்க மனம் வரவில்லை. "நடுவுல ஒரு பஸ்ஸு வழி கெடக்கு பாரு," என்றார், "அத எடுத்துரு."

விழாவன்று முன்னறையில் ஃபேன் சுற்றியது. பொன்னையனைக் கூப்பிட்டு, சுவரில் திருப்பிச் சாத்தியிருந்த பலகையைத் திருத்தச் சொன்னார்கள். புதுப் பலகை எதற்கு, ஒரு பெயரைத்தானே மாற்ற வேண்டும். அவன் 'வேதமணி'யை நீலத்தில் மூடி, அதன் மேல் 'சிஜு' என்று நிழலோடு எழுதினான். மற்றதைத் தொடும்படி யாரும் சொல்லாததால் எம்.ஏ. அப்படியே இருந்தது.